கடல் கடந்து வரும் பொய்ப் பாத்தியதை

சங்கரன்கோவிலுக்கு அணித்தான சென்னிகுளத்தில் தோன்றி, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்து, கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடி, முப்பது வயது நிறையுமுன்னரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்துபோன அண்ணாமலை ரெட்டியாரின் பாடல்களுக்கு இன்று உலகில் எவரும் சொத்துரிமை கொண்டாட இயலாது. கர்த்தா மறைந்தபின் அறுபது ஆண்டுகள் என்று நமது 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் வகுத்திருக்கும் காலவரம்பை எவ்விதம் கணக்கிட்டாலும் அவை எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. ஆயினும், அதே வட்டாரத்து இளைஞர் ஒருவர் அந்தச் சிந்துகளில் ஒன்றைத் தம் குரலிலேயே பாடித் தம் கைப்பேசியிலேயே பதிந்து யூடியூபில் ஏற்றுவாராயின், பெயரும் ஊரும் கேள்விப்பட்டிராத ஓர் அந்நிய நிறுவனம் அப்பாடல் தனக்கே பாத்தியமென்று உரிமை கோருவதற்கும், அக்கோரிக்கையின் பேரில் பாடலின் வருவாய் கைமாறுவதற்கும், சில சமயம் பாடலே மறைக்கப்படுவதற்கும் இன்றைய ஏற்பாட்டில் தாராளமாக இடமிருக்கிறது. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, அதனால் நேர்ந்த அநியாயங்கள் யாவை, நமது சட்டத்தில் அதற்குப் பரிகாரம் உண்டா, உண்டெனில் அது ஏன் எளியவர் கைக்கு எட்டவில்லை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரங்களின் நையாண்டி மேளக்காரர்களுக்கும் வில்லுப்பாட்டுக் குழுவினருக்கும் இது பொழுதுபோக்கு விஷயமன்று. கோயில் கொடைக்கு மேளம் பேச வருவோர் முற்காலத்தில் பக்கத்து ஊர்க் கொடையில் காதாரக் கேட்டதை நினைவில் வைத்து அட்வான்ஸ் கொடுத்துச் சென்றனர். இன்றோ மேளச் செட்டின் பெயரைக் கைப்பேசியில் தேடி, இரண்டு வீடியோக்களைப் பார்த்த பிறகுதான் பேச்சையே தொடங்குகின்றனர். ஆகவே 'ஸ்டிரைக்' என்னும் பதிப்புரிமைத் தண்டனைக் குறி விழுந்து சேனல் முடங்குமானால், போவது விளம்பரக் காசு மட்டுமன்று, அடுத்த கொடைக்கால அழைப்புகளும் சேர்ந்தே போகின்றன.

கோரிக்கைகளின் தராதரம்

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உரிமைக்கோரிக்கை யாவும் பொய்யென்று கொள்வது விவேகமாகாது. ஒரு திரைப்படம் வெளியான அன்றே அதன் களவுப் பிரதி ஊரெங்கும் பரவுவதைக் கண்ட தமிழருக்கு, உண்மை உரிமையாளர் விரைந்து தடுக்கும் வழி ஒன்று அவசியம் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆடித்தபசு அன்று ரதவீதியில் எடுத்த வீடியோவில், ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு முழுவதும் பதிந்திருக்குமாயின், அப்பாட்டின் உரிமையாளர் கேட்பதில் நியாயம் இருக்கவே செய்கிறது. மெய்யான சமயச் சடங்கின்போது பாட்டை ஒலிக்கச் செய்வதற்கு நமது சட்டம் விலக்களித்திருப்பினும், அவ்விலக்கு பின்னர் வீடியோவாக வெளியிடுவதற்கும் செல்லும் என்று துணிந்துரைப்பதற்கில்லை.

இரண்டாவது வகை, தேசத்துக்குத் தேசம் சட்டம் வேறுபடுவதால் எழுவது. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த நாதஸ்வரத்தை உதாரணமாகக் கொள்ளலாம். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து அறுபது ஆண்டுகள் என்னும் நமது கணக்கின்படி, அப்பதிவுக்குரிய காப்பு 2022ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் பாடலை இயற்றியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய காப்பு அவர்தம் மறைவிலிருந்து எண்ணப்படுவதால் இன்னும் முடியவில்லை. அமெரிக்க நாட்டிலோ அப்பதிவுக்கே இன்னும் சில பத்தாண்டுகள் காப்பு நீடிக்கும். அங்குச் செல்லும் ஒரு கோரிக்கை இங்குச் செல்லாமற்போகலாம். 1886இல் ஏற்பட்டு, இந்தியா 1928 முதல் அங்கம் வகிக்கும் பெர்ன் சர்வதேச உடன்படிக்கை, எந்நாட்டில் காப்பு கோரப்படுகிறதோ அந்நாட்டுச் சட்டமே காப்பின் அளவை நிர்ணயிக்கும் என்று இவ்விஷயத்தில் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. ஆகவே சங்கரன்கோவிலில் அமர்ந்து பாடுபவர்மீது இந்தியாவில் எவர் உரிமை கொண்டாடினும், அதை அளக்கும் கோல் இந்தியச் சட்டமே.

மூன்றாவது வகை, யந்திரப் பிழை. நான்காவது வகையே அப்பட்டமான மோசடி. பின்னிரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவதும், மோசடிக்காரன் அகப்பட்டுக்கொண்டால் 'பிழை' என்று சொல்லித் தப்ப முடிவதும் இவ்விஷயத்தின் பெருஞ்சிக்கல்கள்.

படிவமும் யந்திரமும்

இன்றைய ஏற்பாட்டின் மூலம், 1998 அக்டோபரில் அமெரிக்காவில் நிறைவேறிய டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் சட்டம். பிறர் ஏற்றும் பண்டங்களுக்காக இணைய நிறுவனத்தின்மீது வழக்கு வராமலிருக்க வேண்டுமாயின், புகார் வந்தவுடன் அந்நிறுவனம் பண்டத்தை விலக்கிவிட வேண்டும் என்பது அதன் சாரம். விலக்காவிட்டால் தனக்கு அபாயம். தவறாக விலக்கினாலோ தனக்கு யாதொரு நஷ்டமுமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் நிறுவனம் எப்பக்கம் சாயும் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டியதில்லை.

புகார் செய்பவர் ஒரு படிவத்தை நிரப்புகிறார். இது மீறல் என்று தாம் நல்லெண்ணத்துடன் நம்புவதாக அவர் கூறினால் போதும். பொய்ச்சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு அவர் உறுதி கூறுவதெல்லாம், உரிமையாளர் சார்பில் பேசத் தமக்கு அதிகாரம் உண்டு என்ற ஒன்றை மட்டுமே. இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். பாடலைப் பறிகொடுத்தவர் எதிர் அறிவிப்பு அனுப்ப விரும்பினால், தம் முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்குத் தாம் கட்டுப்படுவதாகச் சம்மதமும் கையொப்பமும் இட வேண்டும். அந்நாட்டுக்கு வெளியே வசிப்பவராயின், நிறுவனம் அமைந்துள்ள இடத்து நீதிமன்றத்துக்கு, அதாவது யூடியூபைப் பொறுத்தவரை கலிபோர்னியாவின் வட மாவட்ட நீதிமன்றத்துக்கு, அச்சம்மதம் செல்லும். அந்த விவரங்கள் யாவும் புகார் செய்தவனிடமே போய்ச் சேரும். தென்காசி நீதிமன்றப் படியையே மிதித்திராத ஒரு தவில்காரர், கலிபோர்னியா நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுக்கத் துணிவாரா? துணிந்து எழுதினால், பத்து முதல் பதினான்கு வேலை நாட்களுக்குள் எதிரி வழக்குத் தொடுக்காவிடில் பாடல் மீளும் என்பது உண்மையே. ஆனால் மூன்று ஸ்டிரைக்குகள் சேர்ந்தால் சேனலே மூடப்படும் என்ற விதியின் நிழலில், பெரும்பாலோர் வீடியோவை அழித்துவிட்டு வாய்மூடி இருப்பதையே பாதுகாப்பென்று கருதுகின்றனர்.

இது மனிதர் அனுப்பும் புகாரின் கதை. 2007 முதல் யூடியூப் நடத்திவரும் கன்டென்ட் ஐடி என்னும் யந்திர ஏற்பாடு இதனினும் பெரிது. நிறுவனங்கள் ஒப்படைக்கும் மாதிரி ஒலிகளோடு, ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவையும் அது ஒப்பிட்டு, பொருத்தம் கண்டால் விளம்பர வருவாயை உரிமை கோருபவர் பக்கம் திருப்பிவிடும். 2021ஆம் ஆண்டின் முதற்பாதியில் மட்டும் இவ்விதம் 72 கோடிக்கு மேற்பட்ட கோரிக்கைகள் எழுந்தன என்றும், அவற்றில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவையே ஆட்சேபிக்கப்பட்டன என்றும், ஆட்சேபிக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 60 அளவுக்கு வீடியோவை ஏற்றியவருக்கே சாதகமாக முடிந்தன என்றும் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையே கூறுகிறது. எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுப் படிவத்தின் வழியாக விலக்கக் கோரப்பட்ட வீடியோக்களில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் முறைகேடான கோரிக்கைக்கு ஆளானவை என்பதும் அதே அறிக்கையின் வாக்குமூலம். ஆட்சேபம் சொற்பம் என்பதை யந்திரத்தின் துல்லியத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். ஆட்சேபித்தோரில் பாதிக்கு மேற்பட்டவர் வென்றிருக்கையில், ஆட்சேபியாதவர் அனைவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்று கொள்வதைவிட, முறை அறியாமலும் அஞ்சியும் ஒதுங்கியவர் அவர்களுள் ஏராளம் என்று கொள்வதே யுக்திக்குப் பொருந்தும்.

நேர்ந்த அநியாயங்கள்

யந்திரப் பிழைக்கு உலகறிந்த உதாரணங்கள் இரண்டு. 2012இல், ஒருவர் திறந்தவெளியில் எடுத்த வீடியோவில் கேட்ட பறவைகளின் குரலுக்கு ஓர் அமெரிக்க இசை நிறுவனத்தின் பேரில் உரிமை கோரப்பட்டது. 2018இல், ஆஸ்திரேலிய இசைவாணர் செபாஸ்டியன் டொம்சாக் ஏற்றியிருந்த, பத்து மணி நேரம் வெறும் இரைச்சல் மட்டுமே கொண்ட வீடியோவுக்கு ஐந்து பாத்தியதைகள் வந்து சேர்ந்தன. இரைச்சலுக்கே ஐந்து உடைமைக்காரர் தோன்றுவராயின், ஒரே ராகத்தை நூற்றுக்கணக்கானோர் வாசிக்கும் நம் சங்கீத உலகில், ஒரே மெட்டில் ஆயிரம் பேர் பாடும் சிந்திலும் கும்மியிலும், யந்திரம் எவ்வளவு தடுமாறும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மோசடியின் வரலாறு இதனினும் கசப்பானது. 2019 ஆகஸ்டில் யூடியூப் நிறுவனமே கிறிஸ்டோபர் பிரேடி என்பவர்மீது அமெரிக்காவின் நெப்ராஸ்கா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. விளையாட்டு வீடியோ வெளியிடுவோர்மீது பொய்ப்புகார் அனுப்பி, பணம் கொடுத்தால் புகாரை விலக்குவதாக மிரட்டினார் என்பதும், எதிர் அறிவிப்பின் வழியாகக் கிடைத்த வீட்டு முகவரியைக் கொண்டு ஒருவர் வீட்டுக்குப் பொய்க் காரணம் சொல்லிப் போலீஸை ஏவியிருக்கக்கூடும் என்பதும் வழக்கின் சாரம். அவ்வாண்டே 25,000 டாலரும் பகிரங்க மன்னிப்புமாக அது சமரசத்தில் முடிந்தது. முகவரியை எதிரியிடம் ஒப்படைக்கும் விதி எத்தகைய ஆயுதமாகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை.

அரிசோனாவில் இருவர் செய்தது இன்னும் பெரிய களவு. 2017 முதல் 2021 வரை, மீடியாமுவ் என்ற பெயரில், தமக்கு யாதொரு சம்பந்தமுமில்லாத 50,000க்கும் மேற்பட்ட லத்தீன் அமெரிக்கப் பாடல்களைத் தமதென்று கன்டென்ட் ஐடி ஏற்பாட்டில் பதிந்து, 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டி, பின்னர் சிறைத்தண்டனை பெற்றனர். ஊரான் வீட்டு நெய்யே என்று நாலாண்டுக் காலம் எடுத்துக் கொட்டியும் யந்திரம் ஐயுறவில்லை. பாடகர் தம் பாடலை ஏற்ற, அதே பாடலுக்கு வேறொருவர் உரிமையாளராக நிற்கும் இவ்விபரீதம், விநியோக நிறுவனங்களின் வழியாக எவரும் எதையும் பதியக்கூடிய நிலையில், நம் நாட்டுப்புறக் கலைஞருக்கும் நேரக்கூடியதே.

பத்திரிகைத் துறையும் தப்பவில்லை. ஒரு செய்திக் கட்டுரையை அப்படியே நகலெடுத்து, பழைய தேதியிட்டு ஒரு போலித் தளத்தில் வைத்து, 'மூலம் எம்முடையது' என்று கூகுளிடம் புகார் செய்து, உண்மைக் கட்டுரையைத் தேடுபொறியிலிருந்து அகற்றும் தந்திரம் பரவியிருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லூமன் ஆவணத்தொகுப்பின் ஆய்வாளர், 2019 முதல் 2022 தொடக்கம் வரை வந்த இத்தகைய ஐயத்துக்குரிய புகார்கள் ஏறத்தாழ 34,000 என்று கண்டறிந்தார். 2023 நவம்பரில் கூகுள் நிறுவனம், வியட்நாமைச் சேர்ந்தவர்கள் என்று தான் கருதிய சிலர்மீது, 1,17,000க்கு மேற்பட்ட இணைய முகவரிகளுக்கு எதிராகப் பொய்ப்புகார் அனுப்பியதாகக் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது.

பொய்ப்புகார் செய்பவனிடம் நஷ்டஈடு பெற அமெரிக்கச் சட்டத்தின் 512(எஃப்) பிரிவு இடமளிக்கிறது. 2004இல் டீபோல்ட் என்னும் வாக்கு யந்திர நிறுவனம் இப்பிரிவின்கீழ்த் தோற்று 1,25,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. ஆயினும் 'அறிந்தே பொய் சொன்னான்' என்று நிரூபிக்க வேண்டியிருப்பதால் அப்பரிகாரம் அரிதாகவே பலிக்கிறது. தன் குழந்தை ஆடிய 29 வினாடிக் காட்சிக்காக ஸ்டெபனி லென்ஸ் என்ற தாய் 2007இல் தொடங்கிய வழக்கில், நியாயமான உபயோகமா என்று புகாருக்கு முன்பே யோசித்தாக வேண்டும் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பு வருவதற்கு 2015 ஆயிற்று.

நமது சட்டம் சொல்வது

அண்ணாமலை ரெட்டியாரின் சிந்தைப் பாடிய அவ்விளைஞரின் நிலையை இந்தியச் சட்டத்தின்படி கூறுபடுத்திப் பார்ப்போம். சாகித்தியம் பொதுச்சொத்து. பாடியதற்கான உரிமை, 38ஆம் பிரிவின்படி ஐம்பது ஆண்டுகளுக்கு அவருடையது. கலைஞர் என்ற சொல்லுக்குள் வித்தைக்காரரையும் பாம்பாட்டியையும்கூட அடக்கியிருக்கும் நமது சட்டத்தில், கரகாட்டக்காரரும் தவில்காரரும் அடங்குவர் என்பதில் தடையில்லை. பதிவுக்கான உரிமை, பதிவு செய்தவர் என்ற முறையில் மீண்டும் அவருடையதே. ஒரு நிறுவனம் வேறொரு பாடகரைக் கொண்டு அதே சிந்தைப் பதிந்திருந்தால், அப்பதிவைப் பிரதி செய்வதைத் தடுக்க மட்டுமே அதற்கு அதிகாரம். பிறர் புதிதாகப் பாடுவதைத் தடுக்க அதிகாரம் கிடையாது. இவ்வளவு தெளிவான உரிமை ஓர் அறிவிப்பின் முன் செயலற்றுப்போவதுதான் விசித்திரம்.

பரிகாரங்களும் ஏட்டில் இல்லாமலில்லை. 60ஆம் பிரிவு, ஆதாரமின்றி உரிமை கொண்டாடி மிரட்டுபவன்மீது பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுத்து, தாம் மீறவில்லை என்ற பிரகடனமும், மிரட்டலுக்குத் தடையுத்தரவும், நஷ்டஈடும் பெறலாம் என்கிறது. அதனினும் சிறப்புடையது 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதி. அதன்படி, புகார் செய்பவர் தாமே உரிமையாளர் என்பதற்கான விவரமும், சட்டம் அளிக்கும் விலக்குகளுள் இது அடங்காது என்ற விளக்கமும் தருவதோடு, தகுந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 21 நாட்களுக்குள் உத்தரவு கொண்டுவருவதாக உறுதியும் எழுதிக் கொடுக்க வேண்டும். இடைநிலை நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் பண்டத்தை விலக்கிவைக்கும். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் இடலாம். அதே பண்டத்தைப் பற்றி அதே நபர் மறுபடி அனுப்பும் புகாரைப் பொருட்படுத்த வேண்டியதுமில்லை. அமெரிக்க முறையில், பறிகொடுத்தவர் முதலில் எதிர் அறிவிப்பு அனுப்பினாலன்றிப் புகார் செய்தவனுக்கு வழக்காடும் கடமை எழுவதில்லை. நமது விதியிலோ அக்கடமை தொடக்கத்திலேயே புகார் செய்பவன் தலையில் ஏறுகிறது.

நியாயத்தின் திசையறிந்து செய்த விதியாயினும் நடைமுறையில் அது எட்டாக்கனியாகவே இருக்கிறது. உலக முழுதும் ஒரே படிவத்தை வைத்திருக்கும் நிறுவனங்கள், இந்தியர்மீது வரும் புகாரையும் அமெரிக்க அச்சிலேயே வார்க்கின்றன. கன்டென்ட் ஐடியோ சட்டப் புகாரே அன்று, ஒப்பந்தத்தின்பேரில் நடக்கும் ஏற்பாடு என்பதால் 75ஆம் விதியின் கைக்கு வெளியே நிற்கிறது. 60ஆம் பிரிவின்கீழ் வழக்கிட எண்ணினாலோ, போலிப் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனுக்குச் சம்மன் சார்பு செய்வது எங்ஙனம் என்பது முதற்கேள்வி. தளத்தில் இடும் புகார் அப்பிரிவு குறிக்கும் 'மிரட்டல்' ஆகுமா என்று வாதாட இடமிருப்பது இரண்டாவது கேள்வி. உண்மையான பிணக்குக்கு நீதிமன்றம் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்பதற்கு, மலேசியாவின் அகி மியூசிக், எக்கோ முதலிய நிறுவனங்களுக்கும் இளையராஜாவுக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்து 2019 ஜூனில் தீர்ப்பு கண்ட வழக்குகள் சாட்சி. அங்கு இருதரப்பும் ஒப்பந்தங்களை முன்வைத்து வாதாடின. யந்திரமோ அத்தகைய வினாக்களை ஒரு நொடியில் ஒருதலையாக முடித்துவிடுகிறது.

ஸ்டிரைக் என்னும் ஆயுதத்தின் கூர்மை அந்நியருக்கு மட்டும் உரியதன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 2025 மே மாதத்தில், தம் வீடியோக்களில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனத்தின் சில வினாடிக் காட்சிகளைக் காட்டியதற்காக அந்நிறுவனம் ஸ்டிரைக் கொடுத்துப் பெருந்தொகை கேட்டதாக மோஹக் மங்கள் என்னும் யூடியூபர் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். சட்டப்படியான உரிமையையே நிலைநாட்டுவதாக அந்நிறுவனம் கூறியது. பிணக்கு தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. எவர் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஒரு தரப்பின் ஜீவனத்தை நிறுத்திவைத்துவிட்டுப் பேரம் நடக்கும் நிலையை ஏற்பாடே உண்டாக்குகிறது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

செய்யத்தக்கவை

மத்திய அரசு செய்யத்தக்கவற்றுள் தலையாயது, இந்தியாவில் பெருந்தொழில் நடத்தும் தளங்கள் இந்தியர்மீது வரும் புகார்களுக்கு 75ஆம் விதியின் உறுதிமொழியையே படிவமாக வைக்கச் செய்வதாகும். வெளிநாட்டிலிருந்து உரிமை கோருபவர், சம்மன் பெறத்தக்க ஓர் இந்திய முகவரியைத் தருதல் வேண்டும். தளத்தில் இடும் பொய்க்கோரிக்கையும் 60ஆம் பிரிவின் மிரட்டலே என்பதைச் சட்டத்திருத்தத்தால் ஐயமறுத்தல் வேண்டும். யந்திரக் கோரிக்கையில் திரும்பத் திரும்பத் தோற்பவர் அவ்வசதியை இழத்தல் வேண்டும். எதிர் அறிவிப்பு அனுப்புபவரின் வீட்டு முகவரியைத் தளம் தன்னிடமே வைத்துக்கொண்டு, நீதிமன்றம் கேட்டால் மட்டும் கொடுப்பது யாருக்கும் நஷ்டம் தராது.

மாநில அரசுக்கும் இதில் பங்குண்டு. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் வசம் பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை இருந்த காலம் போய், 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியின் படைப்புரிமையைப் பெற்று, பின்னர் அதைப் பொதுமக்களுக்கே ஆக்கியது. அதன்பின் எத்தனையோ தமிழ் எழுத்தாளரின் நூல்கள் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை அளித்து நாட்டுடைமையாக்கப்பட்டன. இவ்வளவு முன்னேற்பாடு செய்த நாட்டில், நாட்டுடைமையான பாடல்களையும், காலவரம்பு கடந்த சிந்து, கும்மி, தெம்மாங்கு முதலியவற்றையும் தளங்களின் யந்திரம் படிக்கத்தக்க பட்டியலாகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிடுவதும், இயல் இசை நாடக மன்றம் தன் கலைஞர்களுக்காக எதிர் அறிவிப்பு எழுதித்தரும் ஒரு சட்ட உதவிப் பிரிவை வைப்பதும் பெருஞ்செலவுக்குரிய காரியங்களல்ல.

அதுவரை கலைஞர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளச் சில வழிகள் உண்டு. ஏற்றிய வீடியோவின் மூலக்கோப்பை அழியாது வைத்திருப்பதும், செட்டில் வாசித்தவர் அனைவரிடமும் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்வதும், 'பாட்டை உலகமெங்கும் சேர்க்கிறோம்' என்று வரும் விநியோக ஒப்பந்தத்தில் தனியுரிமை எழுதிக் கொடுக்கிறோமா என்று படித்துப் பார்ப்பதும் முதற்கடமைகள். கன்டென்ட் ஐடி கோரிக்கை வந்த ஐந்து நாட்களுக்குள் ஆட்சேபித்தால், முதல் நாளிலிருந்தே வருவாய் எவருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும் என்பதைப் பலர் அறியார். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால், 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறிக்கும் கெடுவுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தியில்லையெனில், 2023 முதல் இயங்கும் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள், வழக்கறிஞரின்றியே, இணையவழி விண்ணப்பிக்கலாம்.

இவை யாவும் நடைபெற்றாலும், உரிமை கோருபவனுக்கு ஒரு படிவமும் உரிமை உடையவனுக்கு ஒரு வழக்கும் என்ற ஏற்றத்தாழ்வு நீடிக்கும்வரை பொய் மலிவாகவும் மெய் விலையுயர்ந்ததாகவுமே இருக்கும். மெய்யான உரிமையாளர் இருபத்தொரு நாட்களில் நீதிமன்றத்தை அணுகத் தயங்கப்போவதில்லை, தயங்குபவர் பொய்யரே. இப்பரீட்சையை நமது விதி பத்தாண்டுகளுக்கு மேலாக எழுதி வைத்திருக்கிறது. அதை இந்நாட்டில் பணம் ஈட்டும் தளங்கள் கைக்கொள்ளச் செய்வது அரசின் கடன். கைக்கொள்ளவில்லையே என்று பொய்க்கோரிக்கை வரும்தோறும் எழுத்தில் கேட்பது கலைஞரின் கடன்.